ஒரே குழாய், வாரத்துக்கு மூன்று தண்ணீர்: காட்பாடியில் ஒரு 2 அடி மீன் தொட்டி

காட்பாடி_தொட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். 7 மாதங்களுக்கு முன் என் மகளின் ஆசைக்காக 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஒன்றை வாங்கினேன். கல், மணல் போக அதில் சுமார் 45 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. 8 கப்பி, 10 நியான் டெட்ரா, 2 கோரிடோரஸ் என்று தொடங்கினோம். ஸ்பாஞ்ச் பில்டரும் ஏர் பம்பும் இரவு பகலாக ஓடுகின்றன.

மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமையில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய தண்ணீர் ஊற்றுகிறேன். ஆன்டி குளோரின் சொட்டுகளை ஒருமுறைகூட மறந்ததில்லை. சில ஞாயிறுகளில் எந்தச் சிக்கலும் வருவதில்லை. வேறு சில ஞாயிறுகளில், ஊற்றி முடித்த அரை மணி நேரத்துக்குள் கப்பிகள் துடுப்பை மடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடலை நெளிக்கின்றன. நியான்களின் நீலக் கோடு மங்கிவிடுகிறது. போன ஞாயிறு அப்படி ஆகி, மறுநாள் காலைக்குள் 4 நியான்கள் இறந்துவிட்டன. மகள் பள்ளிக்குப் போகும் முன் அவற்றை எடுத்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது.

ஆர்.ஓ. பழுது பார்க்க வந்தவர் தன் பேனா மீட்டரை எங்கள் குழாய்த் தண்ணீரில் வைத்தபோது டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1180 காட்டியது. போர் தண்ணீரின் உப்புதான் மீன்களைக் கொல்கிறது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். மீன் கடையில் பி.எச். குறைக்கும் திரவம் ஒன்றைக் கொடுத்தார்கள். மாலையில் ஊற்றினால் 7-க்கு இறங்குகிறது, காலையில் பார்த்தால் மறுபடியும் 8.2-இல் நிற்கிறது. கல்லுப்பு ஒரு பிடி போடுமாறும் அங்கே சொன்னார்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று தொட்டிக்கென்றே வாங்குவதுதான் ஒரே வழியா?

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, கல்லுப்பை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே உப்பு மிகுந்த தண்ணீரில் மேலும் உப்பைச் சேர்ப்பது நியானுக்கும் கோரிடோரஸுக்கும் கேடுதான். நான் ஆற்காட்டில் 22 ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். எங்கள் தெருவிலும் போர் தண்ணீர்தான், அதில் தலைமுறை தலைமுறையாகக் கப்பி குட்டி போடுகிறது. ஆகவே போர் தண்ணீரின் உப்பு மட்டுமே கொன்றது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் எல்லா ஞாயிறும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும் அல்லவா?

நீங்கள் சொன்ன 1180 குழாயின் கணக்கு. தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரின் கணக்கு எங்கே? பேனா மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10 நாள் காலையில் குழாயையும் தொட்டியையும் தனித்தனியே அளந்து, அன்று சம்பில் எந்தத் தண்ணீர் இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தினமும் ஆவியாகும் தண்ணீரை எதைக் கொண்டு நிரப்புகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அதுவரை பாதித் தண்ணீர் மாற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

வாலாஜா_ஏஞ்சல் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். இருந்தாலும் இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது. வாலாஜாபேட்டையில் நான் ஏஞ்சல் மீன் வளர்க்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் தவிர வேறு எதையும் தொட்டியில் விடுவதில்லை என்று முடிவெடுத்த நாளிலிருந்து தண்ணீரைப் பற்றிய கவலையே போய்விட்டது. நண்பருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

ராணிப்பேட்டை_ஆசிரியை எழுதியது:

பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் 3 தொட்டிகள் உள்ளன. மாலையில் இறங்கிய பி.எச். காலையில் ஏறிவிடுவது ஏன் என்று பலரும் கேட்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியத்தோடு பைகார்பனேட்டும் நிறையக் கரைந்திருக்கிறது. தொட்டிக்காரர்கள் ஜி.எச். என்று அளப்பது முன்னதை, கே.எச். என்று அளப்பது பின்னதை. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். கே.எச். அதிகமாக உள்ள தண்ணீரில் நீங்கள் அமிலத்தை ஊற்றும்போது, அது பைகார்பனேட்டோடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது. அந்த வாயு தண்ணீரில் கரைந்திருக்கும் வரை பி.எச். தாழ்ந்திருக்கும், ஏர் பம்ப் இரவு முழுவதும் குமிழியிட்டு அதை வெளியேற்றியதும் பி.எச். பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இதில் மீனுக்குக் கிடைத்தது ஒரே இரவில் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் மட்டுமே, டி.டி.எஸ். ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. அந்தப் புட்டியை மூடி வைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மோட்டார் போட்டவுடன் நேராக வரும் போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து பி.எச். பாருங்கள். இன்னொரு டம்ளரில் அதே தண்ணீரை ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் குழாயின் முனையில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு ஒரு நாள் வைத்து, பிறகு பாருங்கள். எங்கள் வீட்டில் முதலாவது 7.2, இரண்டாவது 8.2. நிலத்தடியில் அழுத்தத்தோடு அடங்கியிருந்த கரியமில வாயு வெளியேறுவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே போர் தண்ணீரைப் பிடித்த கையோடு தொட்டியில் ஊற்றக் கூடாது.

தொட்டியில் அழகுக்காகக் கடல் சிப்பியோ பளிங்குக் கல்லோ போட்டிருக்கிறீர்களா? ஒன்றை வெளியே எடுத்துத் துடைத்து, எலுமிச்சைச் சாற்றை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புப் பொருள். 8.2 பி.எச். உள்ள தண்ணீரில் அது பெரிதாகக் கரையாது. நீங்கள் அமிலத் திரவத்தை ஊற்றும் ஒவ்வொரு மாலையும் அது கரைந்து, நீங்கள் குறைக்க நினைத்த கே.எச்.-ஐ உயர்த்திக்கொண்டே போகும்.

ஆர்.ஓ. நண்பருக்கும் ஒரு சொல். முழு ஆர்.ஓ. தண்ணீரில் கே.எச். ஏறக்குறைய இருக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் கே.எச்.-ஐச் செலவழித்துக்கொண்டே இருக்கும். கையிருப்பு தீர்ந்துவிட்டால் பி.எச். தடதடவென்று விழும். இதற்கு நேர்மாறான ஆபத்து போர் தண்ணீரில் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7-ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்கு அளவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8-இல் அது நூற்றில் ஐந்தைத் தாண்டும். நம் கோடையில் தொட்டி 30 டிகிரிக்கு ஏறி, பி.எச். 8.2-இல் நின்றால் பத்தையும் தாண்டிவிடும். கடினமான தண்ணீரில் மீன் வளர்ப்பவர் தீனியைக் குறைத்துப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பாத்ரூம் குழாய்க்கு மாட்டும் வாட்டர் சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நுரைக்கும், பாத்திரத்தில் கறை படியாது, ஆனால் மீட்டர் முன்பு காட்டிய எண்ணையே ஏறக்குறையக் காட்டும்.

காட்பாடி_தொட்டி எழுதியது:

10 நாள் கழித்து வருகிறேன். ஆசிரியை அம்மாவுக்கும் பாலாற்றங்கரை ஐயாவுக்கும் முதலில் நன்றி. புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து மகள் பொறுக்கி வந்த சிப்பிகள் ஒரு கைப்பிடி தொட்டியில் கிடந்தன. எலுமிச்சைச் சாறு பட்டவுடன் வெள்ளை நுரை பொங்கியது. எல்லாவற்றையும் எடுத்து மகளிடமே கொடுத்துவிட்டேன்.

அளவுகளைப் பார்த்து நானே திகைத்துப் போனேன். எங்கள் தெருவுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் 4 நாளுக்கு ஒருமுறை வருகிறது. வந்த அன்று காலையில் சம்பில் 420. மறுநாள் 460. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் போர் மோட்டாரைப் போட்டதும் 890. நான்காம் நாள் 1170. அடுத்த முறை காவிரித் தண்ணீர் வந்தபோது, அடியில் தங்கிய போர் தண்ணீரோடு கலந்து 510. இடையில் ஒரு நாள் லாரித் தண்ணீர் இறக்கினார்கள், அன்று 760. குழாய் ஒன்றுதான், நான் இத்தனை மாதமும் அதில் ஒரே தண்ணீர் வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிக்குள் 1530. இது எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை, ஏனென்றால் குழாயில் இவ்வளவு எண் ஒரு நாளும் வரவில்லை. ஆவியாவதை ஈடுகட்ட தினமும் 1 லிட்டர் அளவுக்குக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். நான்கு மீன் இறந்த ஞாயிறு எந்தத் தண்ணீர் என்று வீட்டில் கேட்டேன். முந்தின நாள் இரவுதான் காவிரித் தண்ணீர் வந்திருக்கிறது.

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, உங்கள் நோட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. முதலில் அந்த 1530. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். நீங்கள் ஊற்றும் 1 லிட்டர் போர் தண்ணீரில் 1180 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. அதை 45 லிட்டருக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 26 புள்ளி ஏறும். 10 நாள் போர் தண்ணீராலேயே நிரப்பினால் 260 ஏறிவிடும். நம் ஊர் வெயிலில், மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருக்கும் அறையில், 2 அடித் தொட்டி தினம் 1 லிட்டர் இழப்பது இயல்புதான்.

அடுத்து அந்த ஞாயிறு. தொட்டியில் 1530, வாளியில் 420. பாதிக்குப் பாதி மாற்றியதால் பத்து நிமிடத்தில் 975-க்கு இறக்கிவிட்டீர்கள். நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளித் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியே ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வெளித் தண்ணீரின் உப்பு திடீரென்று 550-க்கு மேல் குறைந்தால் அந்த வேலை ஒரே நொடியில் கூடிவிடுகிறது. உடம்பு பழகிக்கொள்ள நாட்கள் வேண்டும். கப்பி நின்ற இடத்தில் நெளிந்ததும் நியான் வெளுத்ததும் அதனால்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். போர் தண்ணீரால் மாற்றிய ஞாயிறுகளில் வேறுபாடு குறைவு என்பதால் மீன்கள் தாக்குப்பிடித்தன. நீங்கள் கெட்ட தண்ணீர் என்று நினைத்த நாளில் பிழைத்தன, நல்ல தண்ணீர் ஊற்றிய நாளில் இறந்தன.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆவியாவதை நிரப்ப, சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில், சம்பில் விழுவதற்கு முன்பே குழாயில் நேராக இரண்டு மூடியுள்ள டிரம்களில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓடட்டும். அதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலரை லிட்டர் மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் 111 புள்ளிக்குமேல் இறங்காது, அதுவும் போகப்போகக் குறையும். 600-க்கு வர ஏறத்தாழ 17 முறை ஆகும், அதாவது ஒரு மாதத்துக்கு மேல். அவசரப்படாதீர்கள். மதியத்தில் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரை மறந்தும் ஊற்றிவிடாதீர்கள், சித்திரை வைகாசியில் அதில் கையே வைக்க முடியாது. டிரம்மை வீட்டுக்குள் நிழலில் வைத்து, விடியற்காலையில் மாற்றுங்கள்.

வாலாஜா_ஏஞ்சல் எழுதியது:

முதல் பதிவில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழு ஆர்.ஓ.வுக்கு மாறிய ஐந்தாம் மாதத்தில் என் தொட்டியில் பி.எச். 6-க்கும் கீழே போய், ஏஞ்சல்கள் இரண்டு நாள் தீனியே எடுக்கவில்லை. ஆசிரியை அம்மா எழுதிய காரணத்தை இப்போதுதான் முழுமையாக உணர்கிறேன். அதற்குப் பிறகு நான்கில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்கத் தொடங்கினேன், அந்தச் சிக்கல் திரும்பவில்லை. அப்படியிருந்தும் ஆர்.ஓ. மட்டுமே போதும் என்று எழுதியது என் தவறு.

காவிரித் தண்ணீர் வராத வாரங்களுக்குக் கணக்கு இதுதான். போர் தண்ணீர் 1200, ஆர்.ஓ. 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு போர், ஏழு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 388 வரும். கலந்த பிறகும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள். ஆர்.ஓ.வின் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதால் அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம்_மழை எழுதியது:

மழைத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! 2003-இல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் வீட்டு மாடிக்குப் போட்ட குழாய் இன்றும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிலிருந்து 200 லிட்டர் டிரம் இரண்டை நிரப்பி, வாயில் வேட்டித் துணியைக் கட்டி மூடி வைக்கிறேன். முதல் இரண்டு மழையை விட்டுவிட வேண்டும். தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில் இறங்கிவிடும். என் மீட்டரில் 30 முதல் 45 வரைதான் காட்டுகிறது. ஆர்.ஓ. தண்ணீரைப் போலவே இதையும் கலந்துதான் ஊற்றுகிறேன், தனியாக ஊற்றுவதில்லை. புதிதாக வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்த மாடியாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

நாட்டு வாதாம் இலை போட்டால் தண்ணீர் மென்மையாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது, பி.எச். அசையவில்லை.

ஆம்பூர்_மோலி எழுதியது:

என் தொட்டியில் 1600. மோலியும் பிளாட்டியும் மட்டுமே வளர்க்கிறேன், கொழுகொழுவென்று இருக்கின்றன. நியான் மேல் அமேசானின் மென்மையான தண்ணீரில் பிறந்த மீன். அதை நம் போர் தண்ணீரில் விட்டுவிட்டுத் தண்ணீரைத் திருத்துவதைவிட, இந்தத் தண்ணீரை விரும்பும் மீனைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. சென்னை கொளத்தூரில் வாங்கி வந்தாலும் பையிலுள்ள தண்ணீரை அளந்து, ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாகப் பழக்கிய பிறகே விடுகிறேன்.

ராணிப்பேட்டை_ஆசிரியை எழுதியது:

ஆம்பூர் நண்பரின் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் அவர் ஊரிலும் என் ஊரிலும் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டுமே, அது எந்த உப்பு என்பதை அது சொல்லாது. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்தது நமக்கெல்லாம் தெரியும். தொழிற்சாலைப் பகுதியை ஒட்டிய போர் தண்ணீர் என்றால், எண் குறைவாக இருந்தாலும் நான் தொட்டியில் விடமாட்டேன். குரோமியம் காய்ச்சினாலும் போகாது, ஆன்டி குளோரின் சொட்டுக்கும் போகாது.

காய்ச்சுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொடி படியும்; பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று பொருள். குளோரைடு, சல்பேட் உப்புகள் அப்படியே நிற்கும். வாரம் 20 லிட்டர் காய்ச்சுவது எரிவாயுவுக்கும் கட்டுப்படியாகாது.

காட்பாடி_தொட்டி எழுதியது:

அம்மா, லாரித் தண்ணீர் இறக்கும் நாளில் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைக்கிறது. அன்று வழக்கமான சொட்டுகளே போதுமா?

ராணிப்பேட்டை_ஆசிரியை எழுதியது:

போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அந்தச் சொட்டுகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஹைப்போ என்று வைத்திருந்த அதே படிகம். 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஹைப்போ படிகம் தேவைப்படுகிறது, ஆகவே குளோரின் கூடினால் சொட்டும் கூட வேண்டும். மீன் கடையில் குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைத்தால் வாங்கி வையுங்கள். உங்கள் டிரம்களில் காவிரித் தண்ணீர் இருக்கும்போது லாரித் தண்ணீரை எதற்காகத் தொட வேண்டும்?

காட்பாடி_தொட்டி எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்று காலை தொட்டியில் 590, டிரம்மில் 430. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுவதை 17-ஆவது முறையோடு நிறுத்தினேன். இப்போது வெள்ளிக்கிழமை விடியற்காலையில் 8 லிட்டர் மட்டும் மாற்றுகிறேன். கே.எச். சொட்டு மருந்தில் பார்த்தபோது 15 டிகிரியிலிருந்து 8-க்கு வந்திருக்கிறது, பி.எச். காலையும் மாலையும் 7.8. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் படிந்திருந்த வெள்ளைக் கோட்டை, மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கிக்கொண்டு, வினிகரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தேன். மறுபடியும் படியவில்லை.

மீதியிருந்த 6 நியான்களில் ஒன்று மூன்றாம் வாரத்தில் இறந்தது. ஐந்தும் இப்போது நீலக் கோடு பளிச்சென்று திரிகின்றன. ஆம்பூர் நண்பர் சொன்னதை ஏற்று, இனிப் புதிதாக நியான் வாங்குவதில்லை என்று மகளும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம். பேனா மீட்டர் இப்போது மகளின் பொறுப்பு. வாளியை அளந்து அவள் எண்ணைச் சொன்ன பிறகுதான் நான் ஊற்ற வேண்டும். போன வெள்ளிக்கிழமை வாளியில் 870 என்றாள். இரவு யாரோ டிரம்மில் சம்ப் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். அந்த வாளியை முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டோம்.